தமிழ் ஃபான்ட் எப்படி தேர்ந்தெடுக்குறது: டிசைனர்ங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பத்திரிகை, லேபிள், போஸ்டர், புத்தகம், கடை போர்டுன்னு தமிழ்ல டிசைன் பண்ணுறவங்க, முக்கியமா இந்த வேலைக்குப் புதுசா வந்தவங்க, திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை ஒரே இடத்துல எழுதிருக்கேன். இங்கிலீஷ் ஃபான்ட் பத்திப் படிக்க எவ்வளவோ இருக்கு, தமிழுக்குத்தான் கம்மி, அதனால இது முழுக்க தமிழ் ஃபான்ட் பத்தித்தான்.

ஒரு வேலை வந்ததும் ஃபான்டை எங்கேருந்து தேட ஆரம்பிக்கணும்?

ஃபான்ட் லிஸ்ட்லேருந்து ஆரம்பிக்காதீங்க, மேட்டர்லேருந்து, அதாவது அச்சாகப் போற எழுத்துலேருந்து ஆரம்பிங்க. கிளையன்ட் குடுக்குற மேட்டரை முதல்ல முழுசாப் படிங்க. அதுல என்ன வார்த்தை இருக்கு, எவ்வளவு நீளம், நம்பர் எவ்வளவு வருது, இங்கிலீஷ் கலந்திருக்கா, கிரந்த எழுத்து (ஜ, ஷ, ஸ, ஹ மாதிரி) இருக்கா, இதெல்லாம் பாருங்க. அப்புறம் இதை யாரு, எங்க நின்னு, எவ்வளவு தூரத்துலேருந்து படிக்கப் போறாங்கன்னு கேளுங்க. மசாலா பாக்கெட் பின்னாடி 6 பாயின்ட்ல வர்ற சேர்மானப் பட்டியலும் பஸ் ஸ்டாண்டு எதிர்ல 20 அடி ஃப்ளெக்ஸும் ஒரே கம்பெனி வேலையா இருக்கலாம், ஆனா ரெண்டுக்கும் ஒரே ஃபான்ட் ஒத்துவராது. நிறைய பேர் "மாடர்னா இருக்கணும்", "டிரெடிஷனலா இருக்கணும்"னு ஃபீல்ல ஆரம்பிக்கிறாங்க. ஃபீல் வேணாம்னு சொல்லல, அது ரெண்டாவது. படிக்க முடியுதான்னு பாத்துட்டு, தேறுற நாலஞ்சு ஃபான்டுக்குள்ள ஃபீலைத் தேடுங்க.

ஃபான்ட் நல்லதான்னு தெரிஞ்சுக்க எதை டைப் பண்ணிப் பாக்கணும்?

இந்தக் கேள்விதான் எல்லாத்தையும் விட முக்கியம், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

"வணக்கம்", "தமிழ்" ரெண்டையும் அடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. இந்த ரெண்டு வார்த்தையும் எந்த ஃபான்ட்லயும் அழகாத்தான் இருக்கும். எழுத்து ஒன்னுக்கொன்னு குழம்புற இடத்தை அடிச்சுப் பாக்கணும். எரி, ஏரி. ஒடு, ஓடு. கொடு, கோடு. இதுல குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழியோ, கீழ வர்ற ஒரு சின்னக் கோடோதான். ஸ்க்ரீன்ல 72 பாயின்ட்ல பாக்கும்போது எல்லாம் தெளிவாத்தான் தெரியும், அதையே 7 பாயின்ட்ல பிரின்ட் எடுத்துப் பாருங்க, கோடு கொடுவாயிரும். கிரி, கீரி அடிச்சுப் பாருங்க, மேல வர்ற விசிறியில சுழி இருக்கா இல்லையாங்கறதுதான் வித்தியாசம், போல்ட் வெயிட்ல (வெயிட்னா கோட்டோட தடிமன்) அந்தச் சுழிக்குள்ள இருக்குற ஓட்டை அடைஞ்சு போகும். அடைஞ்சா அந்த ஃபான்ட் அந்த அளவுக்கு ஆகாது.

அடுத்து ர-வும் துணைக்காலும். "தாரா", "ராசா", "பாரம்" அடிச்சுப் பாருங்க. ர-க்குக் கீழ ஒரு சாய்கோடு இருக்கும், அது தெளிவா இறங்கியிருக்கணும், இல்லேன்னா ர எது கால் எதுன்னு கண்ணு ஒரு நொடி தடுமாறும். சில ஃபான்ட்ல ர், ரி ரெண்டுக்கும் அந்தச் சாய்கோடு இருக்காது, அது பழைய அச்சு வழக்கம், தப்பு இல்ல. ஆனா சின்னப் பிள்ளைங்க புத்தகத்துக்கு அந்த ஃபான்டை எடுக்காதீங்க, அவங்க ஸ்கூல்ல எழுதிப் பழகுற வடிவமே கண்ணுக்குத் தெரியணும்.

அப்புறம் ஔவை. ஔ-வுல வர்ற ள கொஞ்சம் சின்னதா, ஒ-வோட ஒட்டி இருக்கணும், இல்லேன்னா ஒள-ன்னு ரெண்டு எழுத்தாத்தான் வாசிக்கத் தோணும். ஜூலை, ஷூ, ஹூண்டாய், க்ஷ, ஸ்ரீ இதையெல்லாம் தனியாப் பாக்கணும். கிரந்த எழுத்துக்கு உகரக் குறி வலது பக்கம் ஒட்டும், நல்லாக் கவனிச்சு வரையாத ஃபான்ட்ல அது தூரமா நிக்கும், இல்ல அடுத்த எழுத்து மேல ஏறிரும். ஸ்ரீ விஷயத்துல இன்னொன்னு இருக்கு, அதை ஸ-ல ஆரம்பிச்சும் டைப் பண்ணலாம், ஶ-ன்னு இன்னொரு எழுத்துல ஆரம்பிச்சும் டைப் பண்ணலாம். இந்த ஶ யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்குற பொது முறை) 2005-லதான் சேந்துச்சு, அதனால பழைய ஃபான்ட் சிலதுல ஒரு விதமா அடிச்சா சரியா வரும், இன்னொரு விதமா அடிச்சா உடைஞ்சு வரும். கல்யாணப் பத்திரிகையில மேல வர்ற முதல் வரியே பெரும்பாலும் ஸ்ரீ-தான்கறதால இதைச் செக் பண்ணாம விடாதீங்க.

கடைசியா ரூபாய்க் குறி. ₹ வந்ததே 2010-லதான், அதுக்கு முன்னாடி செஞ்ச ஃபான்ட்ல அது இருக்காது, கட்டம் வரும், இல்ல வேற ஃபான்ட்லேருந்து எடுத்துக் காட்டும். விலைப்பட்டியல் வேலையா இருந்தா 0-லேருந்து 9 வரைக்கும் நம்பரோட சேத்து ₹ அடிச்சுப் பாருங்க.

பாமினி, ஸ்ரீலிபி மாதிரி ஃபான்ட் இன்னும் யூஸ் பண்ணலாமா, இல்ல யூனிகோட் மட்டும்தானா?

பாமினி மாதிரி ஃபான்ட்ல உள்ள இருக்குறது தமிழ் எழுத்தே இல்ல. இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வெச்சிருப்பாங்க, ஃபான்டை மாத்தினா அத்தனையும் இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா ஆயிரும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வரிசைல வெச்சதால ஒரு இடத்துல அடிச்ச மேட்டரை இன்னொரு இடத்துல திறக்க முடியாத நிலைமை ரொம்ப வருஷம் இருந்துச்சு. அதைச் சரி பண்ணத்தான் 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல டாம், டாப்-னு ரெண்டு என்கோடிங்கும் (எந்த எழுத்து எந்த இடத்துலங்கற வரிசை) தமிழ்99 கீபோர்டும் கொண்டுவந்தாங்க. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடை ஸ்டாண்டர்டா அறிவிச்சுது.

இருந்தும் டிடிபி சென்டர்லயும் பிரஸ்லயும் பழைய ஃபான்ட் ஓடிட்டுத்தான் இருக்கு, அதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு சொல்றவங்க கூட எனக்கு ஒத்துப்போகாது. தலைப்புக்குப் போடுற மாதிரி குண்டா, வளைஞ்சு, அலங்காரமா இருக்குற வடிவங்கள் பழைய தொகுப்புகள்ல அவ்வளவு இருந்துச்சு, யூனிகோட்ல அந்த வெரைட்டி ரொம்ப மெதுவாத்தான் வந்துச்சு. என்னைக் கேட்டா, நீளமா வர்ற மேட்டர் எல்லாம் யூனிகோட்லதான் இருக்கணும், அதுல பேச்சே இல்ல, ஏன்னா அதே மேட்டர் நாளைக்கு வெப்சைட்டுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகும், தேடினாக் கிடைக்கணும். தலைப்புல நாலு வார்த்தைக்கு மட்டும் ஒரு பழைய ஃபான்ட் வடிவம் அப்படியே பொருந்துதுன்னா, லைசன்ஸ் இருந்தா, போட்டுக் கர்வாக்கிக்கோங்க (எழுத்தை வெறும் வடிவமா மாத்துறது), ஆனா அந்த நாலு வார்த்தையையும் யூனிகோட்ல அதே ஃபைல்ல ஓரமா அடிச்சு வெச்சிருங்க.

பழைய மேட்டரைக் கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்தா முழுசா ஒரு தடவை படிக்காம பிரஸ்ஸுக்கு அனுப்பாதீங்க, கொம்பு (ெ, ே) இடம் மாறும், நடுவுல இருந்த இங்கிலீஷ் வார்த்தையும் தமிழாகி ஏதோ ஒன்னா வந்து நிக்கும்.

ஃபான்ட் நல்லாத்தான் இருக்கு, ஆனா சாஃப்ட்வேர்ல கொம்பு தனியா ஓடுது, ஏன்?

ஃபான்ட் மேல தப்பு இல்ல, செட்டிங். "கொ"-ங்கறது க-வுக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி காலுன்னு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு உக்காரணும், அதை சாஃப்ட்வேர்தான் பாத்து அடுக்கணும், அந்த வேலையைச் செய்யற செட்டிங்தான் கம்போசர். இன்டிசைன்ல பாராகிராஃப் பேனல் மெனுவுல வேர்ல்ட்-ரெடி கம்போசர் எடுங்க. இல்லஸ்ட்ரேட்டர்ல ப்ரிஃபரன்சஸ்ல டைப்புக்குப் போய் இன்டிக் ஆப்ஷன்ஸ் டிக் பண்ணிட்டு, பாராகிராஃப் பேனல்ல சவுத் ஏசியன் கம்போசரைத் தேர்ந்தெடுங்க. போட்டோஷாப்லயும் ப்ரிஃபரன்சஸ்ல டைப் பக்கத்துலதான் இருக்கு. ஏற்கனவே அடிச்ச டெக்ஸ்ட் மாறலேன்னா அதை செலக்ட் பண்ணிட்டு கம்போசரை மாத்துங்க.

இலவசமாக் கிடைக்குறதுல எந்தத் தமிழ் ஃபான்ட் எதுக்கு நல்லது?

கூகுள் ஃபான்ட்ஸ்ல இப்ப தமிழுக்கு நல்ல செலக்‌ஷன் இருக்கு, நான் அடிக்கடி எடுக்குறதைச் சொல்றேன், இது என் கண்ணுக்குப் பட்டதுதான், உங்க மேட்டரைப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

நிறைய எழுத்து, சின்ன அளவு, லேபிள், ஃபார்ம், ஆப் ஸ்க்ரீன் இந்த மாதிரி வேலைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூணும் நம்பி எடுக்கலாம். முக்தா மலர்ல 7 வெயிட் இருக்கு, கூடவே இங்கிலீஷும் ஒரே கையில வரைஞ்ச மாதிரி ஒத்துப்போகும், தமிழும் இங்கிலீஷும் மாறி மாறி வர்ற பிரோஷருக்கு எனக்கு இதுதான் முதல் சாய்ஸ். ஹிந்த் மதுரையில 5 வெயிட்தான், ஆனா ஸ்க்ரீன்ல சுத்தமா நிக்கும்.

இடம் கம்மியா இருந்தா அனெக் தமிழ் எடுத்துப் பாருங்க, முக்தா மலர் செஞ்ச மும்பை எக் டைப் குழு 2022-ல வெளியிட்டது. இது வேரியபிள் ஃபான்ட், தடிமன் மட்டும் இல்ல அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தமிழ் டிசைனருக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு வேலை பாத்தவங்களுக்குத்தான் தெரியும், ஏன்னா நம்ம வார்த்தைங்க நீளம், "தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு"ன்னு ஒரு வார்த்தை வந்தா ஒரு காலம் (column) நிறைஞ்சுரும். இத்தனை நாளா இடம் பத்தலேன்னா எழுத்தை மவுஸ்ல பிடிச்சு நெருக்கி அமுக்கிட்டு இருந்தோம், அப்படி அமுக்கினா நிக்குற கோடு மெலிஞ்சு படுத்த கோடு தடிச்சு எழுத்தே கோணலாயிரும். கண்டென்ஸ்டு அகலத்தையே சரியா வரைஞ்சு குடுத்திருந்தா அந்தக் கொடுமை வேணாம்.

புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், திரோ தமிழ். திரோ தமிழை வரைஞ்சது ஃபியோனா ராஸும் ஃபெர்னாண்டோ மெல்லோவும், மெட்டல் டைப் காலத்துப் புத்தகத்துல இருந்த தடிப்பு மெலிவு அதுல அழகா வந்திருக்கு, நாவலோ கட்டுரைத் தொகுப்போ வேலை வந்தா முதல் பக்கத்தை இதுல செட் பண்ணிப் பாருங்க.

தலைப்புக்கு கேடமரன், பலூ தம்பி, அரிமா. பிரியா ரவிச்சந்திரன் வரைஞ்ச கேடமரன்ல 9 வெயிட் இருக்கு, மெல்லிசுலேருந்து நல்ல குண்டு வரைக்கும், போஸ்டர்ல பெருசாப் போட்டா கம்பீரமா நிக்கும், ஆனா ரெண்டு பக்கக் கட்டுரையை அதுல செட் பண்ணினா எனக்குக் கண்ணு சோந்துருது. பலூ தம்பி உருண்டையா, சந்தோஷமா இருக்கும், பிள்ளைங்க பொருளுக்கும் ஸ்வீட் கடைக்கும் பொருந்தும், வக்கீல் ஆபீஸ் லெட்டர்ஹெட்டுக்குப் போடாதீங்க. கையெழுத்து மாதிரி வேணும்னா இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைஞ்ச கவிவனார் இருக்கு, சாஞ்ச எழுத்து, ஒரே வெயிட், ரெண்டு மூணு வரிக்கு மேல வேணாம்.

கம்ப்யூட்டர்லயே வர்ற லதா, நிர்மலா இல்ல மேக்ல வர்ற இணைமதி போட்டா என்ன?

ஆபீஸ் லெட்டருக்குத் தாராளமாப் போடலாம். இணைமதி மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வரைஞ்சது, நல்ல எழுத்து. பிரச்சனை வேற. நீங்க மேக்ல செஞ்சு ஓப்பன் ஃபைலா அனுப்புவீங்க, பிரஸ்ல விண்டோஸ்ல திறப்பாங்க, ஃபான்ட் இல்லாம வேற ஒன்னு வந்து உக்காந்துக்கும். லதா பத்தி ஒன்னு சொல்லணும், விண்டோஸ் 2000 காலத்துலேருந்து நோட்டீஸ், சர்டிபிகேட், ஆபீஸ் போர்டுன்னு எல்லாத்துலயும் ஜனங்க பாத்துட்டாங்க, அதனால ஒரு புது பிராண்டுக்கு அதைப் போட்டா பாக்குறவங்களுக்கு ஆபீஸ் நோட்டீஸ்தான் ஞாபகம் வரும்.

தமிழையும் இங்கிலீஷையும் பக்கத்துல பக்கத்துல வைக்கும்போது எப்படி ஜோடி சேக்குறது?

பாயின்ட் சைஸ் ஒன்னா இருந்தாப் போதும்னு நினைக்காதீங்க, கண்ணுக்கு ஒரே அளவாத் தெரியணும். தமிழ்ல கேப்பிடல் லெட்டரே கிடையாது, இங்கிலீஷை முழுக்க கேப்பிடல்ல போட்டா அது கத்துற மாதிரியும் தமிழ் முனகுற மாதிரியும் ஆயிரும். ஸ்மால் லெட்டர் உயரத்தையும் நம்ம ப, ட, ம உயரத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்து, எது பெருசாத் தெரியுதோ அதைக் குறைங்க. அதை விட முக்கியம் கோட்டோட தடிமன். தமிழ் எழுத்து ஒவ்வொன்னுலயும் கோடு அதிகம், ண, ஞ, இ, ஐ எல்லாம் எத்தனை வளைவுன்னு பாருங்க, அதனால ஒரே தடிமன் போட்டாலும் தமிழ் பாரா கருப்பாத் தெரியும். அப்ப தமிழுக்கு ஒரு வெயிட் குறைச்சலா எடுத்தா ரெண்டும் சமமாகும்.

இன்னொன்னு, முதல்ல தமிழை முடிவு பண்ணுங்க, அப்புறம் அதுக்கு ஏத்த இங்கிலீஷைத் தேடுங்க. இங்கிலீஷுக்கு ஆயிரக்கணக்குல ஃபான்ட் இருக்கு, எப்படியும் ஒன்னு கிடைச்சுரும். நிறைய பிராண்ட் வேலையில இங்கிலீஷ் லோகோவுக்கு மாசக்கணக்குல உக்காந்துட்டு, தமிழ் வெர்ஷனைக் கடைசி நாள் சாயந்திரம் எதையோ எடுத்து ஒட்டுறாங்க, பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு. தமிழ்நாட்டுல அந்த போர்டைப் படிக்குற ஜனங்க பாதிக்கு மேல தமிழைத்தானே முதல்ல படிப்பாங்க.

லைன் ஸ்பேசிங், ட்ராக்கிங் எவ்வளவு குடுக்கலாம்?

இங்கிலீஷுக்கு வெச்ச லைன் ஸ்பேசிங்கை அப்படியே விட்டா தமிழ் முட்டும். நமக்கு மேல விசிறியும் புள்ளியும் போகும், கீழ மு, ழு, கூ எல்லாம் இறங்கும், மேல் வரி ழூ-வும் கீழ் வரி கீ-யும் ஒன்னுக்கு நேரா ஒன்னு வந்தா ஒட்டிக்கும். எழுத்து சைஸ்ல ஒன்றரை மடங்குல ஆரம்பிச்சு, கண்ணால பாத்துக் குறைங்க.

ட்ராக்கிங்கை, அதாவது எழுத்துக்கு எழுத்து விடுற இடைவெளியை விரிக்காதீங்க. இங்கிலீஷ் கேப்பிடல்ல விரிச்சா கெத்தா இருக்கும், தமிழ்ல விரிச்சா கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிஞ்சு தனி எழுத்து மாதிரி நிக்கும், "போராட்டம்"ல ஒவ்வொரு துண்டும் தனித்தனியா அலையும். ரெண்டு பக்கமும் நேரா வர்ற மாதிரி ஜஸ்டிஃபை பண்றதையும் ஒடுக்கமான காலம்ல (column) தவிர்த்துருங்க, வார்த்தை நீளமா இருக்கறதால வரிக்கு ரெண்டு வார்த்தைதான் நிக்கும், நடுவுல பெரிய பள்ளம் விழும்.

போல்ட் வெயிட் இல்லாத ஃபான்ட்ல சாஃப்ட்வேர் போல்ட் பட்டனை அமுக்கலாமா?

வேணாம். அது கோட்டைச் சுத்தி மை ஏத்துறதுதான், ண, ஞ, ஷ உள்ள இருக்குற வெள்ளையெல்லாம் அடைஞ்சுரும். சாய்க்கிற பட்டனும் அப்படித்தான், அழுத்திச் சொல்லணும்னா வெயிட்டை மாத்துங்க, இல்ல கலரை மாத்துங்க.

கல்யாணப் பத்திரிகைக்கு என்ன பாக்கணும்?

பத்திரிகையில பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு மட்டும் அலங்கார ஃபான்ட் போடுங்க. முகூர்த்த நேரம், மண்டபம், வழி, சொந்தக்காரங்க பேரு எல்லாம் வயசான கண்ணு படிக்கிற இடம், அங்க தெளிவான ஃபான்ட், கூடவே நல்ல அளவு. கோல்டு ஃபாயில் அடிக்கப் போறாங்கன்னா மெல்லிசு வெயிட் வேண்டவே வேணாம். ஃபாயில்ல ரொம்ப மெல்லிசான கோடு விட்டு விட்டு ஒட்டும், சின்ன ஓட்டை அடையும், முதல்ல காணாமப் போறது புள்ளிதான். "கண்ணன்"ல ஒரு புள்ளி ஒட்டலேன்னா பேரே மாறிப்போகும், அது அந்த வீட்டுல எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல வேண்டியதில்ல. அதனால ஃபான்ட் பாக்கும்போதே புள்ளி எவ்வளவு பெருசு, எழுத்துலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாருங்க. புள்ளி நல்ல பெருசா, எழுத்தோட ஒட்டாம இருக்குற ஃபான்டா எடுங்க. கருப்புலயோ மெரூன்லயோ வெள்ளை எழுத்து ரிவர்ஸ்ல வர்ற வேலைக்கும் இதே கணக்குதான், மை பரவி வெள்ளைக் கோட்டைத் தின்னும், ஒரு வெயிட் கூட்டிக்கோங்க.

பழைய லை, னை வடிவம் போட்ட ஃபான்ட் எடுக்கலாமா?

யானைத் தும்பிக்கை மாதிரி மேல சுருண்ட கொம்போட வர்ற ணை, லை, ளை, னை, அப்புறம் சுழிச்ச ணா, றா, னா எல்லாம் 1978 சீர்திருத்த அரசாணைக்கு முன்னாடி வழக்கத்துல இருந்தது. பெரியார் குடி அரசுல 1935-லேயே புது வடிவத்தைக் கொண்டுவந்துட்டார், அரசு ஏத்துக்கிட்டது 1978-லதான். யூனிகோட்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான், ஃபான்ட் எப்படி வரைஞ்சிருக்கோ அப்படித் தெரியும், அதனால மேட்டர் மாத்தாம ஃபான்டை மட்டும் மாத்திப் போடலாம். 1950-ல நடக்குற கதைக்கு அட்டை, பழைய கடையோட நூற்றாண்டு மலர், இதுக்கெல்லாம் ரொம்ப அழகா இருக்கும். உள்பக்க மேட்டருக்கு வேணாம், இன்னிக்கு ஸ்கூல் படிக்குற பிள்ளைக்கு அது வாசிக்கவே வராது.

லைசன்ஸ் பாக்கணுமா? நெட்ல இலவசம்னுதானே போட்டிருக்கு?

கண்டிப்பா பாக்கணும். ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ்ல வர்றது, கூகுள் ஃபான்ட்ஸ்ல பெரும்பாலும் இதுதான், லோகோவுக்கும் பாக்கெட்டுக்கும் வியாபாரத்துக்கும் தாராளமாப் போடலாம், ஃபான்டைத் தனியா விக்கக்கூடாது அவ்வளவுதான். "பர்சனல் யூஸ்"னு போட்டிருந்தா கிளையன்ட் வேலைக்குப் போடக்கூடாது. யாரோ பென்டிரைவ்ல குடுத்த 500 ஃபான்ட் ஃபோல்டரை வெச்சு வேலை பண்ணாதீங்க, ஒரு தமிழ் ஃபான்ட் வரைய எத்தனை வடிவம் வரையணும்னு யோசிங்க, 247 எழுத்துக்கு மேல கிரந்தம், நம்பர், குறின்னு போகும், காசு குடுத்து வாங்கினாத்தான் அடுத்த ஃபான்டை வரைவாங்க.

ஒரு வேலைக்கு எத்தனை ஃபான்ட்?

ரெண்டு போதும். ஒரே குடும்பத்துல நாலு வெயிட் இருந்தா ஒன்னே போதும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது ஃபான்ட் சம்பந்தமா என்ன செய்யணும்?

எழுத்தெல்லாம் கர்வ் பண்ணி ஒரு பிடிஎஃப், கர்வ் பண்ணாத ஓப்பன் ஃபைல் ஒன்னு உங்ககிட்ட. கர்வ் பண்ணின ஃபைலை மட்டும் வெச்சிருந்தா மறுபடி தேதி மாத்தச் சொல்லும்போது எல்லாத்தையும் திரும்ப அடிக்கணும். கர்வ் பண்ணினதும் பெருசாக்கி ஒரு தடவை பாருங்க, வேரியபிள் ஃபான்ட்ல சில சமயம் கோடு ஒன்னு மேல ஒன்னு ஏறின இடம் தனித்தனியா நிக்கும், அவுட்லைன் குடுத்தா உள்ள கோடா தெரியும், அப்ப வெல்ட் பண்ணி அதையெல்லாம் ஒரே வடிவமாச் சேத்துருங்க.

கிளையன்ட் "வேற ஃபான்ட் காட்டுங்க, வேற காட்டுங்க"ன்னு சொல்லிட்டே இருந்தா?

பத்து ஃபான்ட் அனுப்பாதீங்க, மூணு அனுப்புங்க. மூணுலயும் அவங்க கடைப் பேரு, அவங்க விலை, அவங்க அட்ரஸ் இதையே செட் பண்ணி, பாக்கெட்னா நிஜ அளவுல பிரின்ட் எடுத்துப் பாக்கெட்டைச் சுத்தி ஒட்டிக் குடுங்க. போர்டுன்னா அந்தக் கடை முகப்பு போட்டோ மேல வெச்சு, ரோட்டுக்கு எதிர்பக்கத்துலேருந்து பாத்தா எவ்வளவு சின்னதாத் தெரியுமோ அந்த அளவுலயே போன்ல அனுப்புங்க. அப்படிப் பாத்தா பெரும்பாலும் ரெண்டை அவங்களே கழிச்சுருவாங்க, மிச்சம் இருக்குற ஒன்னுல வெயிட்டும் கலரும் மட்டும்தான் பேச வேண்டியிருக்கும்.